ஆலைகள் வந்தன, ஊர் வளர்ந்ததா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி ஒருவர்)

ஓர் ஊர் வளர்ந்திருக்கிறதா, இல்லையா என்பதை எதைக் கொண்டு அளப்பது? புகைபோக்கிகளை எண்ணி அளப்போர் உண்டு. மனையின் விலையைச் சொல்லி அளப்போரும் உண்டு. என் அளவுகோல் மிகவும் எளியது. அவ்வூரில் பகலெல்லாம் உழைத்துச் சம்பாதிப்பவர்கள், இரவிலும் அவ்வூரிலேயே தங்க விரும்புகிறார்களா? தம் பிள்ளைகளை அவ்வூர்ப் பள்ளியிலேயே சேர்க்கிறார்களா? 'ஆம்' என்றால் அவ்வூர் வளர்ந்த ஊர். 'இல்லை' என்றால் அது வேலைத்தலமே தவிர ஊர் அன்று.

இந்த அளவுகோலை நம் கும்மிடிப்பூண்டிப் பகுதியின்மீது வைத்துப் பார்க்க விரும்புகிறேன். நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் இப்பகுதியிலிருந்தே புறநகர் மின்வண்டியில் வந்து போகிறவர்கள். ஆதலின் இது நம் வீட்டுப் பிரச்சினை.

இருப்பிடத்தின் பெருமை

இயற்கையும் அரசும் இப்பகுதிக்குக் குறை வைத்ததாகச் சொல்ல முடியாது. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அருகருகே ஓடும் இடத்தில் கும்மிடிப்பூண்டி அமைந்திருக்கிறது. சென்னையிலிருந்து இவ்வூர் வரையிலான இருப்புப்பாதை 1979-ஆம் ஆண்டிலேயே மின்மயமாயிற்று. எண்ணூரில் காமராசர் துறைமுகம் 2001 முதல் இயங்குகிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. 1971-இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகம், அதாவது நாம் எல்லோரும் சிப்காட் என்று அழைக்கும் நிறுவனம், இங்கே பெரிய தொழில் வளாகத்தை அமைத்தது. பின்னர்த் தேர்வாய்க்கண்டிகையில் இன்னொன்று வந்தது. துறைமுகம், மின்சாரம், சாலை, இரயில் ஆகிய நான்கும் இவ்வளவு அருகருகே அமைந்த இடங்கள் நாட்டில் எத்தனை இருக்கும்?

எனவே தொழில்களை ஈர்ப்பதில் நாம் தோற்றுவிடவில்லை. தொழில்கள் வந்தன. மனிதர்களை ஈர்ப்பதில்தான் நாம் இன்னும் தொடங்கவேயில்லை.

யார் வந்தார்கள்? யார் தங்கினார்கள்?

தொழில் வளாகத்தில் பணிபுரிவோரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் அதிகாரிகளும் பொறியாளர்களும். காலையில் சென்னையிலிருந்து காரிலும் கம்பெனிப் பேருந்திலும் வருகிறார்கள், மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் வாங்கும் காய்கறி, பிள்ளைகளுக்குக் கட்டும் பள்ளிக் கட்டணம், ஞாயிற்றுக்கிழமைச் செலவு எல்லாம் சென்னைக்கே போய்ச் சேர்கின்றன.

இரண்டாம் வகையினர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஓர் அறையில் பலர் நெருங்கிப் படுத்து, பகல் முறைக்காரர் எழுந்த பாயில் இரவு முறைக்காரர் சாய்ந்து, ஊதியத்தின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பி வாழ்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது நம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. குடும்பத்தை அழைத்து வந்து வாழ ஒரு வீடு கிடைத்திருந்தால் அவர்களும் நம் தெருவாசிகளாக ஆகியிருப்பார்கள் அல்லவா? வீடில்லாமல் வைத்திருப்பவர்கள் நாம். ஒட்டாதவர்கள் என்று பழிப்பவர்களும் நாமே!

மூன்றாம் வகையினர் உள்ளூர்க்காரர்கள். என் தந்தையார் இந்த வகையைச் சேர்ந்தவர். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சுமை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் பெரியப்பா மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் படிப்பு முடித்தவர். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஆலையில் வேலை கேட்டார். "உள்ளூர் ஆட்களை எடுப்பதில்லை, அடிக்கடி லீவு போடுவார்கள்" என்று வாயிலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்று அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார். நம் ஊர் ஆலைக்கு வெளியூர் ஆள். வெளியூர் ஆலைக்கு நம் ஊர் ஆள்! இரண்டு பேருமே குடும்பத்தைப் பிரிந்து வாடகை அறையில் கிடக்கிறார்கள். இதனால் யாருக்கு என்ன நன்மை என்று எனக்கு விளங்கவில்லை.

'சென்னைக்கு மிக அருகில்'

ஆலைகளோடு வந்த இன்னொரு கூட்டம் மனை வணிகர்கள். 'சென்னைக்கு மிக அருகில்' என்ற விளம்பரத்தை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. நெல் விளைந்த வயல்களில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, எல்லைக் கல் நட்டு, அதற்கு மஞ்சள் வண்ணம் பூசி, நுழைவாயிலில் வளைவு ஒன்றும் கட்டி, 'நகர்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். எத்தனையோ நகர்கள்! அவற்றில் பலவற்றில் ஆண்டுகள் பல ஆகியும் ஒரு வீடுகூட எழவில்லை, ஆடுகள்தாம் குடியிருக்கின்றன.

காரணம் வெளிப்படை. மனை வாங்கியவர் குடியேறுவதற்காக வாங்கவில்லை. விலை ஏறினால் விற்பதற்காக வாங்கினார். விலை ஏறினால் இலாபம் அவருக்கும் தரகருக்கும். விலை ஏறக் காரணமான சாலையையும் இரயிலையும் மின்சாரத்தையும் கொடுத்த பொதுமக்களுக்கோ அதில் ஒரு காசும் இல்லை. விளைநிலமும் போயிற்று, வீடும் வரவில்லை. அந்த நிலத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கிய எங்கள் தெருப் பெண்கள் இன்று எங்கே போவது?

இந்தச் சிக்கலை இங்கிலாந்தில் ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்தார். எபனேசர் ஹோவர்டு என்ற அவர் பொறியாளரல்லர், சுருக்கெழுத்தாளர். இலண்டனின் நெரிசலைக் குறைக்க, தொழிற்சாலையும் வீடும் விளைநிலமும் ஒருங்கே அமைந்த தோட்ட நகரங்களைக் கட்ட வேண்டும் என்று 1898-இல் நூல் எழுதினார். 1903-இல் லெட்ச்வொர்த் என்ற ஊர் அவ்வாறே தொடங்கப்பட்டது. அவரது திட்டத்தின் உயிர்நாடி, பூங்காவோ மரமோ அன்று. நிலத்தின் உரிமை ஊருக்கே பொதுவாக இருக்க வேண்டும். நிலத்தின் மதிப்பு உயர்வதால் வரும் வருவாய் அந்த ஊரின் நலனுக்கே திரும்ப வேண்டும் என்பதே. நாம் தோட்டத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை, கணக்கையும் எடுத்துக்கொள்ளவில்லை. 'நகர்' என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம்!

பக்கத்திலேயே பாடம் இருக்கிறது

இலண்டன் வரை போக வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. பழைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து இன்று சென்னையோடு சேர்ந்துவிட்ட அம்பத்தூரைப் பாருங்கள். அங்கே 1949-இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. சைக்கிள் செய்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1966-இல் சர் ஐவன் ஸ்டெட்போர்டு மருத்துவமனை அங்கே தொடங்கப்பட்டது. மேல்நிலைப்பள்ளி ஒன்றும் அதே குழுமத்தின் அறக்கட்டளையால் நடத்தப்படுகிறது. தொழிலாளி அம்பத்தூரிலேயே வீடு கட்டினார். அவர் பிள்ளை அங்கேயே படித்தது. பேரன் அங்கேயே கடை வைத்தான். ஆவடியிலும் இவ்வாறே. கனரக வாகனத் தொழிற்சாலை வந்தபோது ஊழியர் குடியிருப்பும் உடன் வந்தது. 2019-இல் ஆவடி மாநகராட்சியாகவே உயர்ந்துவிட்டது.

ஓசூரையும் எடுத்துக்கொள்வோம். அதுவும் நம்மைப்போல் மாநில எல்லையில், ஒரு பெருநகரத்தின் நிழலில் உள்ள ஊர். அங்கேயும் சிப்காட் வளாகம். டைட்டன் கடிகார நிறுவனம் அங்கே பணியாளர்க்கான குடியிருப்பையும் பள்ளியையும் உருவாக்கியது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானபோது, நம் கும்மிடிப்பூண்டி பேரூராட்சியாகவே இருந்தது. பெங்களூரின் குளிர்ந்த காற்று ஓசூருக்குத் துணை நின்றது உண்மைதான். ஆனால் காற்று மட்டும் பள்ளிக்கூடம் கட்டித் தராது.

ஆலையை மட்டுமே நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு மறைமலைநகர் சான்று. அங்கே போர்டு நிறுவனம் தன் கார் உற்பத்தியை 2022-இல் நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. ஆயினும் ஊர் காலியாகிவிடவில்லை. அது சென்னையின் துணைநகராகத் திட்டமிடப்பட்டு, வீடுகளும் வேறு பல ஆலைகளும் கொண்டு வளர்ந்த ஊர். ஒரு கால் முறிந்தாலும் மறு காலில் நிற்க முடிந்தது. நாளை நம் பகுதியில் பெரிய ஆலை ஒன்று கதவை மூடினால் நாம் எந்தக் காலில் நிற்போம்?

எல்லைக்கு அப்பால்

"பக்கத்து மாநிலத்தார் முந்திக்கொள்கிறார்கள், நாமும் சலுகைகளைக் கூட்ட வேண்டும்" என்று சொல்வோர் உண்டு. அவர்கள் வாதத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா. அதன் அருகே ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி. 2008-இல் தொடங்கிய அந்த வளாகத்தில் இசுசு முதலிய பன்னாட்டு நிறுவனங்கள் ஆலை அமைத்திருக்கின்றன. சென்னை மெட்ரோ இரயிலின் பெட்டிகளில் பலவே அங்குள்ள அல்ஸ்டாம் ஆலையில் செய்யப்பட்டவை! சென்னையின் பெயரையும் சென்னையின் துறைமுகத்தையும் காட்டி ஆந்திரம் தொழில் வளர்க்கும்போது நாம் கைகட்டி நிற்கலாமா என்பது நியாயமான கேள்வி.

ஆனால் சலுகைப் போட்டிக்கு முடிவு ஏது? அவர்கள் நிலத்தின் விலையைக் குறைத்தால் நாம் வரியைக் குறைக்க வேண்டும்; நாம் வரியைக் குறைத்தால் அவர்கள் மின்கட்டணத்தைக் குறைப்பார்கள். ஏலத்தில் தோற்பவர் இரு மாநிலத்து மக்களுமே. சலுகைக்காக வந்த ஆலை, அதைவிடப் பெரிய சலுகை கிடைத்தால் போய்விடும். தேர்ந்த தொழிலாளரும் அவர்தம் குடும்பங்களும் வேரூன்றிய ஊரை விட்டு எந்த ஆலையும் எளிதில் பெயராது. ஆகவே குடியிருப்போரை ஈர்ப்பதே தொழிலை நிலைநிறுத்துவதற்கும் வழி. இரண்டும் வெவ்வேறு வேலைகள் அல்ல.

செய்ய வேண்டியவை

முதலாவது, வாடகை வீடு. தொழிலாளர்க்குத் தங்குமிடம் கட்டுவது அரசுக்கு இயலாததன்று. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி வளாகத்தைச் சிப்காட் நிறுவனமே கட்டி, அது 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதைப் போற்றுகிறேன். ஆனால் விடுதி என்பது தனி ஆளுக்கு. திருமணமானதும் அந்தப் பெண் எங்கே போவாள்? நம் பகுதிக்கு வேண்டியது குடும்பத்தோடு வாழும் சிறு வாடகை வீடுகள். வெறும் கல் நட்டுக் கிடக்கும் மனைகளுக்குக் கூடுதல் வரி விதித்து, வீடு கட்டி வாடகைக்கு விடுவோர்க்கு அவ்வரியைத் தள்ளுபடி செய்தால் பாதி வேலை தானே நடக்கும்.

இரண்டாவது, போக்குவரத்து. மெட்ரோ இரயில் 2021-இல் விம்கோ நகர் வரை வந்தது. அதற்கு வடக்கே நமக்கு மின்வண்டியே கதி. ஆலைகளில் முறை மாறும் நேரத்திற்கும் வண்டி நேரத்திற்கும் பொருத்தம் இருக்க வேண்டும். நிலையத்திலிருந்து தொழில் வளாகத்திற்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் அந்த வண்டிகளோடு இணைந்த சிற்றுந்துகள் வேண்டும். இரவு முறை முடித்து வரும் பெண்ணுக்கு விளக்கெரியும் சாலை வேண்டும். என்னோடு பள்ளியில் படித்த தோழியர் சிலரை வேலைக்கு அனுப்பாமல் பெற்றோர் நிறுத்திவிட்டதற்கு ஊதியம் குறைவென்பது காரணமன்று, இருட்டே காரணம்.

மூன்றாவது, காற்றும் நீரும். இங்கே இரும்பு உருக்கும் ஆலைகளும் உருட்டாலைகளும் பல. வேதியியல் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்வேன். கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைவிடத் தெரியாத நுண்துகள் கொடியது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்பவை. அவற்றின் ஆண்டுச் சராசரி, ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு வரையறை. உலக சுகாதார நிறுவனமோ 2021-இல் 5 என்றே வகுத்தது. கும்மிடிப்பூண்டியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலையம் உண்டு. அது காட்டும் எண்ணைப் பேருந்து நிலையத்திலும் இரயில் நிலையத்திலும் பெரிய பலகையில் நாள்தோறும் காட்டட்டும். மறைக்க ஒன்றுமில்லை என்றால் தயக்கம் ஏன்? குழந்தைக்கு மூச்சிரைக்கும் ஊரில் எந்த அதிகாரி குடியேறுவார்?

நீரைப் பற்றியும் ஒரு சொல். பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்று சென்னையின் தாகம் தீர்க்கும் ஏரிகள் நம் மாவட்டத்தில் உள்ளன. நம் வட்டத்திலேயே கண்ணன்கோட்டை - தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம், அரை டி.எம்.சி. கொள்ளளவோடு, 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. அதுவும் சென்னையின் குடிநீருக்காகவே. தலைநகருக்குத் தண்ணீர் தருவதில் நமக்கு மனக்குறை இல்லை. ஆனால் ஏரிக்கரையில் இருப்பவன் குடத்தோடு தெருக்குழாயில் காத்து நிற்கலாமா?

நான்காவது, வேலை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஆலைகள் பழகுநர்களை எடுக்கின்றன. சுற்றுவட்டாரத் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்க்கும் நம்போன்ற அறிவியல் மாணவர்க்கும் அதில் ஒரு பங்கை ஒதுக்கட்டும். வேதியியல் படித்தவர் ஆய்வுக்கூடத்தில் உலோகத்தைச் சோதிக்கலாம், கழிவுநீரைச் சோதிக்கலாம். ஆலைக்கும் கல்லூரிக்கும் நடுவே ஓடுவது ஒரு மின்வண்டிப் பாதை மட்டுமே. ஆனால் இதுவரை ஆலையின் உட்புறத்தை நாங்கள் கண்டதில்லை.

பணத்திற்கு எங்கே போவது?

"இவ்வளவுக்கும் பணம்?" என்று கேட்பீர்கள். பணம் இருக்கிறது, அது ஊர் வந்து சேரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தலைமை அலுவலகம் இருக்கும் பெருநகரத்தில் விழா எடுத்துவிட்டு, புகை விழும் ஊருக்கு நோட்டுப் புத்தகம் மட்டும் கொடுப்பது அச்சட்டத்தின் நோக்கமாகாது.

இன்னொன்று, தொழில் வரி. ஊதியம் பெறுவோர் செலுத்தும் இவ்வரி நம் மாநிலத்தில் உள்ளாட்சிக்கே சேருகிறது. ஆலை எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே வரி போகும். தொழிலாளி பக்கத்து உள்ளாட்சியில் குடியிருந்தால், அவருக்குக் குடிநீரும் துப்புரவும் அளிக்க வேண்டிய அந்த உள்ளாட்சிக்கு அதில் பங்கில்லை. வளாகத்தைச் சுற்றியுள்ள உள்ளாட்சிகள் யாவும் சேர்ந்து, ஒரே திட்டமும் ஒரே பொது நிதியும் வகுத்துக்கொண்டால் இந்தக் குறை தீரும். எந்த ஆலை எவ்வளவு வரி கட்டியது, அது எதற்குச் செலவாயிற்று என்பதை ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால் பாதிச் சண்டைகள் தாமே ஓய்ந்துவிடும்.

நம் பங்கு

சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. மீஞ்சூர், திருவள்ளூர், திருமழிசை முதலிய இடங்களுக்குப் புதுநகர்த் திட்டங்களும் பேசப்படுகின்றன. வரைபடம் விரிவது எளிது. வாழ்க்கை விரிவதுதான் அரிது. 1856 ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவில் முதன்முதலாக இராயபுரத்திலிருந்து இரயில் புறப்பட்டபோது, அன்றே ஒரு வண்டி திருவள்ளூருக்கும் வந்தது. இரயில் வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும், படித்த பிள்ளை வேலைக்காக அதே இரயிலில் ஏறிச் சென்னைக்கே போகிறது என்றால், இரயில் மட்டும் ஊரை வளர்த்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எனவே, மாணவ நண்பர்களே! நம் பகுதிக்கு என்ன வேண்டும் என்பதைச் சென்னையில் அமர்ந்திருப்போர் தாமாக அறிந்து எழுதிவிட மாட்டார்கள். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அடுத்த முகாமில் மரம் நடுவதோடு இன்னொன்றும் செய்யலாம். எந்தத் தெருவில் எத்தனை மனை காலி, ஓர் அறையில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஆலையில் வேலை கேட்டுத் திரும்பிய உள்ளூர் இளைஞர் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கலாம். அந்தக் கணக்கை மாவட்ட ஆட்சியரிடமும் சிப்காட் அலுவலகத்திலும் கொண்டு போய்க் கொடுக்கலாம். வெறும் கோரிக்கை மனு கோப்பில் உறங்கும். எண்களோடு சென்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

எங்கள் வீட்டில் எனக்கு அடுத்து இரண்டு தம்பிகள் படிக்கிறார்கள். பட்டம் பெற்றபின் ஊரை விட்டு ஓடுவதுதான் முன்னேற்றம் என்று அவர்களுக்குச் சொல்லித்தர என் மனம் ஒப்பவில்லை. ஓடுவதற்கு உரிமை இருக்கட்டும்; தங்குவதற்கும் ஒரு வழி இருக்கட்டும். தன் பிள்ளைகளையே தங்கவைக்க முடியாத ஊர், பிறரை வா என்று அழைத்தால் யார்தான் வருவார்கள்?